கம்பத்துக்கு வெளியே போன பந்து

வலை ஊசி கண்ணிக்குள் நுழைந்து மேலேறியது, அளவுக் கட்டையைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. இடது கட்டைவிரல் நூலை அமுக்கிப் பிடிக்க, வலது கை ஒரு சுண்டு சுண்டியது. முடிச்சு விழுந்தது. மறுபடி நுழைந்தது, ஏறியது, சுற்றியது. இந்தக் கைகளுக்கு யோசனை தேவைப்படவில்லை. பெரிய கைகள், ஆம்பிளைக் கைகள். துறைமுகத்து வலைக் கொட்டகையில் அன்று வேலை செய்துகொண்டிருந்த மற்ற பத்துக் கைகளும் பெண்களுடையவை.

"இன்னைக்கு என்ன கெழம?" என்று அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் கேட்டார்.

"நாலாவது தடவ கேக்குற. வியாழன்தான். நீ கேக்குறதுக்காக அது வெள்ளி ஆயிடாது," என்றார் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த பெனீத்தா. கொட்டகையில் வயதில் மூத்தவர் அவர், எழுபதைத் தாண்டியவர். "ஞாயித்துக்கெழம அந்தக் கரைக்கு வலையக் குடுக்கணும். பயமா இருக்கா தம்பி?"

"வலையப் பத்தி பயம் இல்லக்கா."

"அப்போ வேற எதப் பத்தி?"

எலாதியோ கண்ணிகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார். பக்கத்துப் பலகையில் இருந்த அவருடைய மனைவி தோரிந்தா மட்டும் ஊசியை நிறுத்தி ஒரு நொடி அவரைப் பார்த்தார்.

கலீசியக் கடற்கரையில் அரேயாஸ் என்ற இந்த ஊரில் எலாதியோவை யாரும் எலாதியோ என்று கூப்பிடுவதில்லை. 'ஒத்தைக் கோல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயதில் ஊர் கால்பந்து அணியில் சேர்ந்தவர் பதினைந்து பருவங்கள் நடுக்களத்தில் ஆடினார். நானூற்றுத் தொண்ணூற்று மூன்று ஆட்டங்கள், ஒரே ஒரு கோல்.

அது அவருக்குக் குறையாகத் தோன்றியதே இல்லை. பகலில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை, சாயங்காலம் மழையில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். எதிரியின் காலிலிருந்து பந்தை எடுப்பார், தன் ஆளுக்குக் கொடுப்பார். அவ்வளவுதான் அவருடைய ஆட்டம். "பந்து உன் கால்ல மூணு நொடிக்கு மேல இருந்தா மத்தி மீன் மாதிரி நாறிடும்" என்று முதல் பயிற்சியாளர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். அணியில் மற்ற பத்துப் பேரில் யாருக்கு எந்தக் காலில் பந்து வந்தால் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். முன்வரிசையில் ஆடிய மூன்று பேர் அவர் கொடுத்த பந்தை உதைத்தே பெரிய அணிகளுக்குப் போனார்கள்.

அவரையும் ஒரு தடவை பெரிய நகரத்து அணி ஒன்று அழைத்துப் பார்த்தது. பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்கினார். என்ன ஆயிற்று என்று ஊரே கேட்டது.

"கோலுக்கு நேரா நின்னுட்டு ஏன் அடிக்கலன்னு கேட்டாங்க. பக்கத்துல ஒருத்தன் சும்மா நின்னுட்டிருந்தான், அவனுக்குக் குடுத்தேன்னேன். அவங்களுக்குப் புரியல."

அப்படிப்பட்டவர் போட்ட ஒரே கோல் எது என்று கேட்டால் அரேயாஸில் பிறந்த குழந்தையும் சொல்லும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், பருவத்தின் கடைசி ஆட்டம், கழிமுகத்துக்கு அந்தக் கரையில் இருக்கும் லமேய்ரோவின் மைதானத்தில். ஜெயித்தால் மேல் பிரிவு, சமன் என்றால் லமேய்ரோவுக்கு அந்த இடம். எண்பத்தேழாவது நிமிஷம் வரை ஒரு கோலும் இல்லை. இடது ஓரத்தில் எலாதியோவிடம் பந்து வந்தது. ஏறிட்டுப் பார்த்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கொடுக்க ஆளில்லை. மூன்று நொடி முடியப் போகிறது. வேறு வழியில்லாமல் அடித்தார்.

பந்து வலைக்குள் கிடந்தது. நடுவர் ஊதினார். அரேயாஸிலிருந்து படகேறி வந்திருந்த முன்னூறு பேரும் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த வலையைக் கத்தியால் துண்டு போட்டு ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். ரொசேந்தோவின் மதுக்கடையில் அதில் ஒரு துண்டு இன்றைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்குள், எலாதியோவின் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. மேல் பிரிவில் ஒரே ஒரு வருஷம்தான் தாக்குப்பிடித்தார்கள். அந்த வருஷத்தோடு எலாதியோவின் முழங்காலும் ஆட்டத்தை முடித்துக்கொண்டது. ஆனால் அந்த ஒரு வருஷத்தை ஊர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

எலாதியோவுக்கு மட்டும் ஒரு சங்கடம். அடித்த பந்தை அவர் கண்ணால் பார்த்திருந்தார். கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே போயிற்று. பக்க வலையில் மோதியது. அப்புறம் உள்ளே கிடந்தது. எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. லமேய்ரோவின் கோல்கீப்பர் கசியானோ, "வெளிய போச்சு, வெளிய போச்சு" என்று நடுவர் பின்னாலேயே ஓடி மஞ்சள் அட்டை வாங்கினார். முன்னூறு பேர் தோளில் தூக்கும்போது ஒருத்தன் தன் கண்ணை நம்புவானா, ஊரை நம்புவானா? எலாதியோ ஊரை நம்பினார்.

எட்டு வருஷம் நம்பினார். அதற்குள் டப்பா ஆலையை மூடிவிட்டார்கள். நாற்பது வயதில் மனைவியின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். "பேன்ட் போட்ட வலைக்காரி" என்று படகுக்காரர்கள் சிரித்தார்கள். எலாதியோ கவலைப்படவில்லை. யாருக்கு எந்தக் கண்ணி வேண்டும் என்று பார்த்துக் கொடுக்கும் வேலை, அவருக்குப் புதிதில்லை. ஒவ்வொரு முடிச்சையும் கை தானாகப் போடும் வரை நூறு தடவை போட்டார், சரியில்லாததை அறுத்துவிட்டு மறுபடி போட்டார்.

அப்படிக் கற்றுக்கொண்டிருந்தபோது ஒரு நாள் தோரிந்தா அவருக்கு மடி முடிச்சைக் காட்டினார். இழுவை வலையின் கடைசியில் மீன் சேரும் பையை மடி என்பார்கள். அதன் வாயை வளையத்துக்குள் வளையமாகச் சங்கிலி போலக் கோத்துக் கட்டுவது வழக்கம். உள்ளேயிருந்து எத்தனை டன் மீன் அமுக்கினாலும் திறக்காது. ஆனால் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால், அரிசிச் சாக்கின் வாய்த்தையல் பிரிவது போலச் சரசரவென்று மொத்தமும் அவிழ்ந்து மீனைத் தளத்தில் கொட்டிவிடும்.

எலாதியோ நுனியை இழுத்தார். அவிழ்ந்தது. மறுபடி கட்டி இழுத்தார். கையில் கயிறோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இத வேற எதுக்காவது கட்டுவாங்களா?" என்று கேட்டார்.

பெனீத்தா பிறந்த ஊர் லமேய்ரோ. "எங்க ஊர்லயா? எல்லாத்துக்கும் இதுதான். கோழிக்கூண்டு, வேலிக்கதவு, எல்லாம். பழைய இழுவை வலையத்தான் கோல் கம்பத்துலயும் மாட்டுவாங்க. மாட்டறவங்க படகுக்காரங்க, அவங்களுக்கு வேற என்ன முடிச்சு தெரியும்?"

எலாதியோ எழுந்து வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பத்தை ஒட்டிய பக்க வலையின் இணைப்பை மடி முடிச்சால் மூடியிருக்கிறார்கள். நுனியைத் தரையில் அடித்த முளையில் கட்டியிருக்கிறார்கள். பந்து வெளியிலிருந்து மோதி வலையை உள்ளே தள்ள, நுனி இழுபட்டிருக்கிறது. வாய் பிளந்தது, பந்து உள்ளே போனது; வேலி தாண்டி ஓடிவந்த கூட்டத்தில் பிளவை யாரும் கவனிக்கவில்லை. அவர் கண் பொய் சொல்லவில்லை.

இது நடந்து பதினான்கு வருஷம். தோரிந்தாவிடம் மட்டும் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. லமேய்ரோவில் கசியானோவை 'தொறந்த கதவு' என்று கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். கம்பத்தை ஒட்டி வரும் பந்தை விட்டவனைவிடக் கேவலமான கோல்கீப்பர் உலகத்தில் இல்லை, அதுவும் வாழ்நாளில் கோலே போடாத ஒருத்தன் அடித்த பந்து. கசியானோ அந்த வருஷமே கையுறையைக் கழற்றிவிட்டு மிதவைகளில் சிப்பி வளர்க்கப் போய்விட்டார்.

அந்தக் கசியானோதான் மூன்று வாரத்துக்கு முன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். இப்போது அவர் லமேய்ரோ அணியை நடத்தும் சங்கத்தின் தலைவர். புதுப் புல் போட்டிருக்கிறார்கள். திறப்பு விழா ஆட்டம் அரேயாஸோடு.

"ரெண்டு கோலுக்கும் வலை வேணும்," என்றார். "கடையில வாங்குனது எதுவும் நிக்க மாட்டேங்குது. இந்தக் கழிமுகத்துல நல்ல வலை யாரு போடுறாங்கன்னு கேட்டேன். எல்லாரும் உன் பேரத்தான் சொன்னாங்க. மூணு நாள் யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

"நானா இருந்தா நாலாவது நாளும் யோசிச்சிருப்பேன்," என்றார் எலாதியோ.

கசியானோ சிரிக்கவில்லை. மேசையில் காகிதத்தை விரித்தார். உயரம், அகலம், ஆழம் எல்லாம் விரற்கடை வரைக்கும் எழுதியிருந்தது. பக்க வலையின் அளவுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார். எலாதியோ அந்தக் கோடுகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "ஞாயித்துக்கெழம காலையில நானே வந்து மாட்டித் தரேன்," என்று மட்டும்தான் வந்தது.

அன்றிலிருந்து தினமும் கிழமை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்குத் திரும்பும் வழியில் தோரிந்தா சொன்னார். "சொல்றதுன்னா சொல்லிடு. இல்லன்னா விட்டுடு. தெனம் நாலு தடவ எங்க உசிர வாங்காத."

"சொன்னா என்கிட்ட என்ன இருக்கும்? இருக்கறது அந்த ஒண்ணு."

"நான் அந்த ஒண்ணுக்காகவா உன்னக் கட்டிக்கிட்டேன்? அதுக்கு முன்னாடி நானூறு ஆட்டம் மழையில நனஞ்சு பாத்தேன். ஒண்ணுலகூட நீ கோல் போடல. அப்பவும் வந்தேன்."

எலாதியோ நடையை நிறுத்தினார். "மொதல்ல நம்ம ஊருக்குச் சொல்லணும். கோல் அவங்களோடதும்தான்."

"சரி. ஆனா ரொசேந்தோ கடையில சொல்லாத."

சனிக்கிழமை மத்தியானம் ரொசேந்தோ கடையில்தான் சொன்னார். வழக்கமான எட்டுப் பேர் இருந்தார்கள். சட்டத்துக்குள் இருந்த வலைத்துண்டைக் காட்டி, முடிச்சை விளக்கி, பந்து வெளியேதான் போயிற்று என்று முடித்தார். மீன் அடைத்த அப்பத்தை அறுத்துக்கொண்டிருந்த ரொசேந்தோ கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒத்தைக் கோல், நீ ஆட்டக்காரன். ஆடுறது உன் வேல. பாக்குறது எங்க வேல. முன்னூறு பேர் பாத்தோம், உள்ள போச்சு."

"நீங்க எல்லாரும் எதிர்ப்பக்கம் நின்னீங்க."

"தூரத்துலேர்ந்து பாத்தாதான் நல்லாத் தெரியும்."

படகுக்காரர் ஒருவர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "எங்கப்பன் செத்தப்பகூட நான் அழல மாப்ள. அந்தக் கோலுக்கு அழுதேன். அத நீ எப்படித் திருப்பி எடுப்ப? உன்கிட்ட அதுக்கு உரிம கெடையாது."

"அப்புறம் உன்ன என்னன்னு கூப்பிடுறது?" என்று இன்னொருவர் கேட்டார். "எலாதியோன்னா?"

"என் பேரு அதானே."

"அதச் சொன்னா யாரு திரும்பிப் பாப்பா?"

ரொசேந்தோ அவர் முன்னால் ஒரு கிண்ணம் வெள்ளை ஒயினை வைத்தார். "முழங்கால் வலி மண்டைக்கு ஏறிடுச்சு, பாவம். குடிச்சுட்டு வீட்டுக்குப் போ."

எலாதியோ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். நடந்ததைக் கேட்டு தோரிந்தா அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினாலு வருஷம் பயந்தியே. உன்கிட்டேர்ந்து அத எவனும் புடுங்க முடியாது போலிருக்கே."

"இவங்க கத சரி. ஆனா கசியானோ கத அப்படியே இருக்கு," என்றார் எலாதியோ.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இருவரும் வலைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு லமேய்ரோவுக்குப் போனார்கள். புது மைதானத்தில் பைக்குழல் வாத்தியக்காரர்கள் பையில் காற்றடைத்து ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சுவர் மேல் வரிசையாக ஊர்க்காரர்கள். நடுவில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவர் ஹெர்மீனியோ. எண்பத்தொரு வயது, இழுவைப் படகில் நாற்பது வருஷம் தலைவராக இருந்தவர், கசியானோவின் மாமனார்.

"தொறந்த கதவு," என்று அவர் மருமகனைக் கூப்பிட்டார். "இந்தத் தடவ கதவு செய்யறதுக்கே எதிரூர்லேர்ந்து ஆளக் கூட்டிட்டு வந்துட்டியா? நல்ல யோசன."

சுவர் சிரித்தது. கசியானோ கேட்காதது போலக் கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் கோலுக்கு வலை ஏறியது. இரண்டாவதிலும் எல்லாப் பக்கமும் முடிந்து, இடது கம்பத்தை ஒட்டிய இணைப்பு மட்டும் பாக்கி இருந்தது. எலாதியோ ஊசியை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். இணைப்பு முழுவதையும் வளையத்துக்குள் வளையமாகக் கோத்து, நுனியைத் தரையில் இருந்த முளையில் கட்டினார்.

"என்ன பண்ற?" என்றார் கசியானோ.

"ஒரு பந்து குடு."

கொடுத்தார்கள். எலாதியோ இடது ஓரத்துக்கு நொண்டி நொண்டி நடந்துபோய்த் திரும்பினார். கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே குறிவைத்து அடித்தார். பந்து வளைந்து கம்பத்துக்கு உள்பக்கமாக நுழைந்து கோலில் போய் விழுந்தது.

சுவர் கைதட்டியது. "இப்போ போடுறான் பாரு," என்றார் தோரிந்தா. "ஐம்பத்தி நாலு வயசுல."

"இது கணக்கில்ல," என்று எலாதியோ கத்தினார். "நான் வெளியதான் அடிக்கணும்." இரண்டாவதும் உள்ளே போயிற்று. கசியானோவே பந்தை எடுத்துத் திருப்பி உருட்டிவிட்டார். முகத்தில் கொஞ்சம் எரிச்சல் ஏறியிருந்தது. மூன்றாவது பந்து கம்பத்தைத் தாண்டி வெளியே போய்ப் பக்க வலையில் மோதியது. வலை உள்ளே அமுங்கியது. கயிறு சரசரவென்று கீழிருந்து மேல்வரை உருவிக்கொண்டு வந்தது. இணைப்பு வாய் பிளந்தது. பந்து உள்ளே போய், கோலுக்கு நடுவில் நின்றது.

பைக்குழல்கள் நின்றன.

"அன்னைக்கும் இப்படித்தான்," என்றார் எலாதியோ. சுவரில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒரு சாண் வெளிய போச்சு. நான் கண்ணால பாத்தேன். கசியானோ சொன்னது நெசம். மடி முடிச்சு அவுந்துதான் உள்ள போச்சு."

கசியானோ கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சுவர் பக்கம் திரும்பினார். அந்தக் காலத்தில் லமேய்ரோவின் கோல் வலையை ஞாயிறுதோறும் மாட்டியவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். ஒவ்வொரு தலையாகத் தொப்பிக்காரரை நோக்கித் திரும்பியது.

ஹெர்மீனியோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "என்ன எதுக்குப் பாக்குறீங்க? நாப்பது வருஷம் கடல்ல கட்டுன முடிச்சு. இழுத்தா தொறக்கணும். இழுத்துச்சு, தொறந்துச்சு. இதுல என் தப்பு எங்க இருக்கு?"

"மாமா," என்றார் கசியானோ. "இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேசையில என்னக் கதவுன்னு கூப்பிட்டீங்க."

"கதவு தொறந்துதான இருந்துச்சு. நான் பொய்யா சொன்னேன்?"

சுவரே விழுந்துவிடும் போலச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் ஹெர்மீனியோவின் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "இனிமே இவருதான் தொறந்த கதவு," என்றார். கிழவர் தொப்பிக்காக எழுந்து துரத்தினார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் கசியானோ எலாதியோவிடம் வந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

"பதினாலு வருஷம் ஆச்சு."

"பதினாலு வருஷமா வாயில என்ன வெச்சிருந்த? மத்தியா?"

"என்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு, கசியானோ. குடுக்க மனசு வரல."

கசியானோ தரையில் கிடந்த கயிற்றை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "நான் அன்னைக்கு சரியான எடத்துலதான் நின்னேன்," என்றார். கேள்வி மாதிரி இல்லை, ஆனாலும் பதிலுக்காக நின்றார்.

"நின்ன. கம்பத்த ஒட்டி நின்ன, ஒரு சந்து கெடையாது. எனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் வெளியதான் இருந்துச்சு. அங்கதான் போச்சு."

கசியானோ தலையை ஆட்டினார். ஒரு தடவை, பிறகு இன்னும் இரண்டு தடவை. "உங்க ஊர்ல இதச் சொன்னியா?"

"நேத்து சொன்னேன். நம்பல. முழங்கால் வலி மண்டைக்கு ஏறிடுச்சாம்."

அப்போதுதான் கசியானோ சிரித்தார். மூக்கால் தொடங்கி வயிறு வரைக்கும் போன சிரிப்பு. "நம்பாட்டிப் போறாங்க. அவங்க கோல அவங்களே வெச்சுக்கட்டும். என் ஊரு பாத்துடுச்சு, அது போதும். போ, போய் இத ஒழுங்கா மூடு. நாலு மணிக்கு நடுவர் வந்துடுவாரு."

எலாதியோ ஊசியில் நூலை ஏற்றிக்கொண்டு கம்பத்தடியில் மண்டியிட்டார். கீழ்க்கண்ணியிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி முடிச்சு, ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிடிக்கும் வகை. எட்டாத உயரம் வந்ததும் தோரிந்தா ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேல் மூலையில் கடைசி முடிச்சைப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கி, நூலை அறுத்தார். இறங்கி வந்து, பக்க வலையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"இழுத்துப் பாத்துட்டு வாங்கிக்க."

கசியானோ வலைக்குள் பத்து விரலையும் கோத்து, உடம்பின் மொத்த எடையையும் பின்னால் சாய்த்து இழுத்தார். கம்பம்தான் லேசாக முனகியது, வலை அசையவில்லை.

"வாங்கிக்கிட்டேன்," என்றார்.